கிருமியும் காவலும்

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் வசிக்கும் நமக்குச் சென்ட்ரல் ரயில் நிலையம் வீட்டு வாசலில் இருப்பது போன்றது. அங்கிருந்து கிள்ளான் பக்கம் போகும் வண்டியும் உண்டு. தெற்கே பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் வழியாகப் போகும் வண்டியும் உண்டு. முதல் வண்டியில் நாம் பல ஆண்டுகளாக நமது தமையனாரைக் காணச் சென்று வந்தோம். இரண்டாவது வண்டியில் ஒரு தடவையேனும் ஏறியவரல்லோம். நமது தமையனாரின் உயிரைக் குடித்த கிருமி எவ்விதம் தன் காரியத்தைச் சாதிக்கிறது என்று பல்லாண்டுகளாக ஆராய்ந்து வந்தவர்கள் அவ்விரண்டாவது வண்டி செல்லும் ஊரில் இருந்தார்கள் என்பதை, அவரைச் சுடுகாட்டுக்கு அனுப்பிப் பல மாதங்கள் சென்ற பின்னரே அறிந்தோம். அறிந்ததை நமது ஜனங்களுக்கு நமது பாஷையில் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் தேதியை ஒட்டிப் பெய்த பெருமழையில் சிலாங்கூர் மாநிலம் பட்ட பாட்டை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிள்ளானை அடுத்து, ஷா ஆலாமைச் சேர்ந்த தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பில் வீடுகளின் கீழ்த்தளங்கள் நீரில் மூழ்கின. அங்குதான் நமது தமையனார் வசித்து வந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. பன்னிரண்டு ஆண்டுகளாக இனிப்பு நீர் வியாதி உள்ளவர். தண்ணீர் வடிந்ததும், அண்ணியார் எவ்வளவு தடுத்தும் கேளாமல், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, குதிகாலில் பெரிய வெடிப்பு இருப்பதையும் பொருட்படுத்தாமல், வெறுங்காலுடன் மூன்று நாட்கள் வீட்டிலிருந்த சேற்றை வாரிக் கொட்டினார். நாமும் ஒரு நாள் சென்று உதவினோம். நாம் காலணி அணிந்திருந்தோம். அவரை அணியும்படி சொன்னோமில்லை. நாம் அணிந்திருந்ததும் நமது அறிவினால் அன்று. அது பழைய ஜோடு, சேறானாலும் பாதகமில்லை என்பதனால்தான்.

இரண்டு வாரங்கள் சென்றன. தமையனாருக்குக் காய்ச்சல் கண்டது, பிறகு இருமல், பிறகு தேகம் மெலியத் தொடங்கிற்று. அருகிலிருந்த ஒரு மருத்துவர் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார். பின்னர் ஓரிடத்தில் மார்பைப் படம் பிடித்துப் பார்த்து, நுரையீரலில் நிழல் தெரிவதால் க்ஷயரோகமாயிருக்கலாம் என்று கருதி அதற்குரிய மருந்தைக் கொடுத்தார்கள். ஆறு வாரங்கள் அம்மருந்தை உட்கொண்டும் பயனில்லை. கடைசியாக மூச்சுத் திணறலுடன் வேறொரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, அங்கிருந்த இளம் பெண் டாக்டர் ஒருவர், "அண்மையில் வெள்ளத்திலோ சேற்றிலோ வேலை செய்தாரா?" என்று வினவினார். இரண்டு மாத காலத்தில் அக்கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. நாமாகச் சொல்லவும் நமக்குத் தோன்றவில்லை. இரத்தத்தை எடுத்து அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். மெலியோய்டோசிஸ் என்று வியாதியின் பெயரைச் சொன்னார்கள். நாம் அதுவரை கேட்டிராத பெயர்.

மூன்று வாரங்கள் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். தமையனார் எழுந்து உட்கார்ந்தார், உணவு கேட்டார். வீட்டுக்கு அனுப்புகையில் மூன்று மாதங்கள் விடாமல் மாத்திரை உட்கொள்ள வேண்டும் என்று கூறி, மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட தாள் ஒன்றையும் கொடுத்தார்கள். அத்தாளை நம்மிடமே தந்தார் தமையனார். பள்ளிக்கூட வாத்தியாராயிருந்து ஓய்வு பெற்ற தம்பி படித்துச் சொல்வான் என்று அவருக்கு நம்பிக்கை. நாம் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தோம். ஐந்தாவது வாரத்தில் அவர், "தம்பி, இந்த மாத்திரை குமட்டுகிறது. உடம்புதான் நன்றாகி விட்டதே, இன்னும் எதற்கு?" என்று கேட்டார். நாம் சொன்ன விடை இதுவே: "உங்களுக்கு எப்படிப் படுகிறதோ அப்படிச் செய்யுங்கள், அண்ணே."

அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு மாதங்களில் காய்ச்சல் திரும்பிற்று. இம்முறை மருத்துவமனைக்குச் சென்ற மூன்றாம் நாள், 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், காலமானார்.

துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர் விதி என்றார்கள். சிலர் வேண்டுதலை நிறைவேற்றாத குறை என்றார்கள். ஒருவர் செய்வினை என்று காதோடு சொன்னார். இத்தகைய பேச்சுக்களை மறுத்து மேடைகளில் பேசிப் பழகியவர்கள் நாம். ஆனால் அண்ணியார் நம்மைப் பார்த்து, "தம்பி, சேற்றிலே கால் வைத்ததற்கா ஒரு மனிதர் சாவார்? நீங்கள் படித்தவராயிற்றே, சொல்லுங்கள்" என்று கேட்டபோது, நம்மிடம் விடை இல்லை. விதி என்று சொன்னவர்களாவது ஒரு விடை வைத்திருந்தார்கள். தவறான விடையாயினும் அது விடை. படித்தவன் வாய் மூடியிருக்குமிடத்தில் விதிதான் பேசும் என்பதை அன்றே கண்டோம்.

நிற்க. அண்ணியாரின் கேள்விக்கு விடை தேடப் புகுந்த நமக்கு முதலில் தெரிய வந்தது, இவ்வியாதி புதிதன்று என்பதாகும். 1911-ஆம் ஆண்டில், ரங்கூன் பொது மருத்துவமனையில் ஆல்பிரட் விட்மோர் என்ற ஆங்கில மருத்துவரும் அவருடைய உதவியாளரான சி. எஸ். கிருஷ்ணசாமியும் இறந்தோரின் உடல்களை அறுத்துச் சோதித்து வருகையில், நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் நிறைந்திருக்கக் கண்டார்கள். இறந்தவர்கள் ஏழைகள், அவர்களில் பலர் மார்பியா ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கமுடையவர்கள். குதிரைகளுக்கு வரும் ஒரு நோயை இஃது ஒத்திருந்தும், கிருமி வேறென்று இருவரும் நிலைநாட்டி, 1912-இல் இந்தியன் மெடிக்கல் கெசட் என்ற ஏட்டில் எழுதினார்கள். அதன் பின் உலகம் இதை விட்மோர் வியாதி என்று அழைக்கலாயிற்று. கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன. வியாதியின் பெயரில் ஒருவர் பெயரே நின்றது. கிருஷ்ணசாமி என்ற பெயரை நம்மவருள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அடுத்த அத்தியாயம் நமது கோலாலம்பூரிலேயே நடந்தது. இங்கே 1900-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், 1913-இல், சோதனைக்காக வளர்த்து வந்த கினிப் பன்றிகளும் முயல்களும் ஒரு கொள்ளை நோயால் மடிந்தன. அங்கிருந்த ஸ்டான்ட்டன், பிளெட்சர் என்ற இருவரும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து, ரங்கூனில் கண்ட கிருமியே இதுவெனத் தெளிந்தார்கள். 1921-இல் மெலியோய்டோசிஸ் என்று வியாதிக்குப் பெயரிட்டவர்கள் இவர்களே. 1932-இல் தனி நூலும் வெளியிட்டார்கள். அதில், இஃது எலி முதலிய கொறிக்கும் பிராணிகளின் நோய், அவற்றிடமிருந்து மனிதனைப் பற்றுவது என்றார்கள். அம்முடிவு பிழையாயிற்று. எலியும் நம்மைப்போல் இக்கிருமிக்கு இரையாவதுதான். கிருமியின் சொந்த வீடு ஈர மண்ணும் தேங்கிய நீரும் என்பது பிற்காலத்தில் விளங்கிற்று. வடித்தெடுத்த சுத்த நீரில் அடைத்து வைக்கப்பட்டு, வேறு உணவேதுமின்றிப் பதினாறு ஆண்டுகள் இக்கிருமி உயிரோடிருந்ததாக 2011-இல் தாய்லாந்தில் கண்டறிந்திருக்கிறார்கள். மழையும் வெள்ளமும் அதை மண்ணின் அடியிலிருந்து மேலே கொணர்கின்றன. வெடித்த கால் வழியாகவும், மூச்சு வழியாகவும், நீர் வழியாகவும் அது நம்முள் புகுகின்றது.

ஆகவே, இவ்வியாதிக்குப் பெயர் வைத்த ஊர் நமது ஊர். பெயர் வைத்து நூறாண்டு கழிந்த பின்னர், அதே ஊர்க்காரராகிய நமக்கு அப்பெயர் தெரியாது. இதைப் பெருமை என்று சொல்வதா, வெட்கம் என்று சொல்வதா?

இனி, இரண்டாவது வண்டி. நண்பர் ஒருவரின் மகள் பாங்கியில் உயிரியல் பயிலுகிறாள். நமது நிலையறிந்து, அப்பல்கலைக்கழகத்தில் பேராசிரியை ஷீலா நாதன் அவர்களும் அவர்தம் மாணாக்கரும் இக்கிருமியைப் பற்றி எழுதிய கட்டுரைகளைத் தேடித் தந்தாள். ஒரு நாள் நாமும் அவளுடன் வண்டியேறிச் சென்று, மரநிழலில் உட்கார்ந்து, புரியாத இடங்களையெல்லாம் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். நாம் அறிந்த அளவு வருமாறு.

கிருமி உடம்பினுள் புகுந்ததும் உடம்பு சும்மா இருப்பதில்லை. இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் ஓடி வந்து கிருமியை விழுங்கி, ஒரு பைக்குள் அடைத்து, அதன்மேல் எரிக்கும் சாறுகளைச் சொரிந்து கொல்கின்றன. பெரும்பாலான கிருமிகளின் கதை அத்துடன் முடியும். ஆனால் இக்கிருமியோ, தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே ஊசி போன்ற ஒரு கருவியைக் கொண்டு சில பொருள்களைச் செலுத்திப் பையைக் கிழித்து வெளிப்படுகிறது. பிறகு, அவ்வணுவின் உள்ளேயுள்ள நார்ப்பொருளையே வாலாகப் பின்னிக்கொண்டு தன்னை உந்திச் செல்கிறது. அடுத்த அணுவின் சுவரை இவ்வணுவின் சுவரோடு ஒட்டவைத்து, இரண்டையும் ஒன்றாக்கி, வெளியே தலை காட்டாமலே வீடு வீடாகப் பரவுகிறது. தெருவில் நிற்கும் காவலர்கள் காணாதபடி திருடன் சுவரை இடித்து அறைக்கு அறை போவது போன்றது இது.

2011-இல் பாங்கி ஆராய்ச்சியாளரும் இங்கிலாந்தின் ஷெபீல்டு பல்கலைக்கழகத்தாரும் பிறரும் சேர்ந்து, இக்கிருமி வெளியிடும் ஒரு நஞ்சைக் கண்டறிந்து சயன்ஸ் என்ற ஏட்டில் வெளியிட்டார்கள். உயிரணு தனக்கு வேண்டிய புரதங்களைச் செய்துகொள்ள உதவும் கருவி ஒன்று உண்டு. அக்கருவியில் ஒரே ஓரிடத்தை இந்நஞ்சு மாற்றிவிடுகிறது. மாற்றம் மிகச் சிறிது. ஆயினும் புரதம் செய்யும் வேலை நின்றுபோய் உயிரணு மடிகிறது.

நம்மை எல்லாவற்றிலும் அதிகமாக நிறுத்திச் சிந்திக்க வைத்தது 2013-இல் வெளிவந்த ஆராய்ச்சி. மண்ணில் வாழ்வதும், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ளதுமான ஒரு புழுவுக்கு இக்கிருமியை உணவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். புழுவின் குடலில் காவல் வேலைகளையெல்லாம் ஏவி நடத்தும் தலைமைப் புரதம் ஒன்றுண்டு. கிருமி புகுந்தவுடன் காவல் எழுகிறது; சிறிது நேரத்தில் அடங்கிவிடுகிறது. ஏன் என்று ஆராய்ந்ததில், அத்தலைமைப் புரதம் குறைந்துபோயிருந்தது தெரிந்தது. அதை அழித்தது யார்? ஒவ்வோர் உயிரணுவிலும் பழையதும் பழுதானதுமான புரதங்களுக்கு அடையாளமிட்டு உடைத்தெறியும் குப்பைச் சாலை ஒன்று உண்டு. புழுவின் சொந்தக் குப்பைச் சாலையே அதன் காவல் தலைவனைக் குப்பை என்று கருதி உடைத்துப் போட்டிருக்கிறது! மேலே சொன்ன ஊசிக் கருவியைக் கொண்டு கிருமி அதைச் செய்வித்திருக்கிறது. கருவி இல்லாத கிருமியால் இவ்வாறு செய்விக்க முடியவில்லை.

புழுவுக்கு நிகழ்வதெல்லாம் மனிதனுக்கு அப்படியே நிகழும் என்று நாம் கூறத் துணியவில்லை. ஆராய்ச்சியாளரும் அவ்விதம் கூறுவோரல்லர். ஆனாலும் ஓர் உண்மை இதில் தெளிவாகிறது. கிருமியின் கொடுமை என்பது அதன் பலத்தை மட்டும் பொறுத்ததன்று. உடம்பின் காவலை உடம்பின் கையாலேயே நீக்கச் செய்யும் திறமையையும் பொறுத்தது. காவல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் உடம்பில் அதற்கு அவ்வளவு சிரமமும் வேண்டுவதில்லை.

இங்கேதான் இனிப்பு நீர் வந்து சேர்கிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தவர்களுக்கு வெள்ளை அணுக்கள் கிருமியிடம் விரைந்து செல்வதிலும், விழுங்கிக் கொல்வதிலும் தளர்ச்சி அடைகின்றன. மெலியோய்டோசிஸ் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இவ்வியாதிக்காரர்கள். மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியரிடையே அது மற்றவர்களைவிட மிகுதி. நமது வீடுகளில் இதைப் பற்றி எவ்வளவு அலட்சியம்! "எனக்கும் இனிப்பு நீர், உனக்கும் இனிப்பு நீர்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கல்யாண வீட்டில் இரண்டாவது லட்டை எடுத்துக்கொள்கிறோம். உடம்பின் காவலர்களை நாமே பட்டினி போட்டு உறங்க வைத்துவிட்டு, பிறகு எதிரி புகுந்தான் என்று அலறுகிறோம்.

இப்போது அண்ணியாரின் கேள்விக்கு விடை சொல்லலாம். சேற்றில் கால் வைத்ததற்காக மட்டும் ஒரு மனிதர் சாவதில்லை. அதே சேற்றில் நடந்த பல்லாயிரம் பேர் ஒன்றுமின்றி வீடு திரும்பினார்கள். கால் வெடித்திருந்தது; காலணி இல்லை; இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது; வியாதி இன்னதென அறியாமல் இரண்டு மாதங்கள் வீணாயின; கடைசியில் மாத்திரை பாதியில் நின்றது. இந்த ஐந்தில் எதுவும் விதியன்று. ஒவ்வொன்றும் மனிதன் மாற்றக் கூடியது. வடகிழக்குத் தாய்லாந்தில் இந்நோய் கண்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் இறந்த காலத்திலேயே, வட ஆஸ்திரேலியாவில் அத்தொகை பத்துப் பேர் அளவுக்கு இறங்கியிருந்தது. கிருமி இனம் ஒன்றே. விரைவில் கண்டறிதலும் நல்ல சிகிச்சையும்தான் வேறு. விதிக்கு எல்லைக் கோடு உண்டா, ஒரு நாட்டில் நாற்பதும் மறு நாட்டில் பத்துமாக எழுதுவதற்கு? செப்டாசிடிம் என்ற மருந்தினால் இந்நோயின் சாவு பாதியாகக் குறைந்ததென்று 1989-ஆம் ஆண்டிலேயே வெளியாகியிருக்கிறது. அப்படியிருந்தும் 2015-ஆம் ஆண்டில் உலகில் 165,000 பேருக்கு இந்நோய் கண்டிருக்கும், 89,000 பேர் இறந்திருப்பர் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

மாத்திரை ஏன் அத்தனை மாதம் என்பதற்கும் விடை உண்டு. காய்ச்சல் தணிந்த பிறகும் கிருமி உயிரணுக்களின் உள்ளே பதுங்கிக் கிடக்கும். இரண்டாவது உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாயிருந்த ஒருவருக்கு, 62 ஆண்டுகள் பதுங்கியிருந்த பின் இவ்வியாதி வெளிப்பட்டதாக 2005-இல் எழுதியிருக்கிறார்கள். உடம்பு நன்றாயிருப்பதாகத் தோன்றுவது கிருமி ஒழிந்ததற்கு அத்தாட்சியாகாது. இந்த ஒரு வாக்கியத்தைத் தமையனாரிடம் நாம் சொல்லியிருக்க வேண்டும். நமது சட்டைப் பையில் நான்காக மடித்துக் கிடந்த தாளில், வேறு சொற்களில், அது அச்சிடப்பட்டிருந்தது. அவர் மறைந்த பின்னர்தான் பிரித்துப் படித்தோம். மூடநம்பிக்கை ஒழிய வேண்டும் என்று முழங்கிய நமது கையாலேயே அவருக்கிருந்த கடைசிக் காவல் நீக்கப்பட்டது. இதை எழுதும்போதும் நமக்குக் கை நடுங்குகிறது. எனினும், மறைப்பது நேர்மையன்று.

ஆதலின் வாசகர்களை வேண்டிக்கொள்வது இதுதான். வெள்ளம் வடிந்த வீட்டில் ரப்பர் பூட்ஸும் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். காலில் புண்ணோ வெடிப்போ உள்ளவரும் இனிப்பு நீருள்ளவரும் அவ்வேலையைப் பிறரிடம் விட்டுவிடுங்கள். சேற்றிலோ வெள்ளத்திலோ நின்ற பின் காய்ச்சல் கண்டால், மருத்துவர் கேட்காவிட்டாலும் அதை நீங்களே சொல்லுங்கள். கொடுத்த மாத்திரையைச் சொன்ன நாள் வரை உட்கொள்ளுங்கள். குமட்டினால் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள், தம்பியைக் கேளாதீர்கள். படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: பாங்கியில் அறிந்தது கிள்ளானுக்கு வந்து சேர வேண்டுமானால் யாரேனும் ஒருவர் அதைத் தமிழில் எடுத்துச் சொல்லித்தான் ஆக வேண்டும். அத்தாள்களைப் பையில் மடித்து வைப்பவர்களாக நாம் இனியும் இருக்கலாகாது.

சென்ற மாதம் கிள்ளான் பக்கம் சென்று அண்ணியாரிடம் மேற்சொன்னவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னோம். மாத்திரை விஷயத்தில் நாம் செய்த பிழையையும் சொன்னோம். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பூட்ஸ் என்ன விலை இருக்கும், தம்பி?" என்று கேட்டார். இப்பொழுது அவர் வீட்டு வாசலில் மூன்று ஜோடி ரப்பர் பூட்ஸ் இருக்கின்றன. ஒன்று அவருக்கு, மற்ற இரண்டும் அடுத்த மழையில் அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதற்காம்.